ஒரு விரல் இடம்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் டொக்டர் என் சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். அப்பாவும் இப்படித்தான் அழுத்துவார்.

ஒவ்வொரு தை மாதமும் பள்ளிக்கூடம் தொடங்குமுன் சப்பாத்துக் கடையில் என் காலடியில் குந்திக்கொள்வார். புதுத் தோல் மணக்கும். "நுனியில ஒரு விரல் இடம் இருக்கோணும், பிள்ளை வளருறவள்" என்பார்.

சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்த வருடம், விட்டுவந்த நெல்லை எடுக்க வட்டக்கச்சிக்குச் சைக்கிளில் போன அப்பா திரும்பவில்லை. என் கால் வளர்ந்தது. அம்மா புதுச் சப்பாத்து வாங்கவில்லை. "அப்பா வந்து அளவு பாத்து வாங்குவார், பொறு" என்றாள். அழுதால் அடி விழும். மழையில் நனைந்த பழைய சப்பாத்தை அடுப்பருகே காயவைப்பாள். தோல் இன்னும் சுருங்கும். விரல்களை மடக்கித் திணித்துக்கொண்டே வகுப்பேறினேன்.

"மடங்கின விரல் இனித் தானா நிமிராது. அகலமான சப்பாத்துப் போடுங்கோ, ஒவ்வொரு நாளும் விரலை மெல்ல இழுத்து விடுங்கோ" என்ற டொக்டர், பக்கத்தில் இருந்த அம்மாவிடம் திரும்பினார். "சின்னனில ஏனம்மா பெரிசா ஒண்டு வாங்கிக் குடுக்கேல்லை?"

அம்மா கிளினிக் கொப்பியை மடியில் நேராக வைத்தாள்.

"இவளின்ர அப்பா இன்னும் வரேல்லை, ஐயா."