மழை வேண்டாம் என்றவள்

ஊரே மழைக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா என்று வானத்திடம் கெஞ்சியவள் அவள் ஒருத்திதான். அரசு விதைக்கிடங்கு அவள் பொறுப்பில் இருந்தது. எல்லோருக்கும் அவள் விதைக்காரக்கா.

கிடங்குக் கூரை ஒழுகுவதை அவள் சொல்லாத மேலதிகாரி இல்லை. எல்லாம் கிணற்றில் போட்ட கல். முன்பு பருவம் தப்பிப் பெய்த ஒரு மழையில் மக்காச்சோள விதை மூட்டைகள் நனைந்தன. காயவைத்துக் கட்டச் சொன்னார்கள், கட்டினாள். விதையில் ஒரு மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கூடமோ மகா நிதானம். விதைக்கலாமா என்று கேட்டால் அறுவடை முடிந்த பிறகு பதில் சொல்லும்.

"ரிசல்ட் வர்றப்ப வரட்டும், முதல்ல விதையக் குடுங்க" என்று போனில் அதிகாரி விரட்டினார். கொடுத்துவிட்டாள். முதல் மூட்டையைத் தூக்கிப்போனவன் அவள் தம்பி. சொந்தத் தம்பிக்கே கொடுக்கிறாளே என்று மற்றவர்களும் நம்பி வாங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒரு பிடி விதையை ஈரத்துணியில் முடிந்து அடுப்படி அலமாரியில் வைத்தாள். இதை முன்னாலேயே செய்திருக்கலாம். சோதிப்பது கூடத்தின் வேலை என்று பழகிப்போன புத்தி, என்ன செய்வது! நாட்கள் போயின, முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை.

"துணிய அவுத்துத்தான் பாரேன்" என்றார் கணவர்.

"பயமா இருக்குங்க."

"நீ பயந்தா முளைக்காததும் முளைச்சிடுமா?"

இடி இடித்த காலையில் அவிழ்த்தாள். குப்பென்று நாற்றம். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை, மற்றதெல்லாம் பிசுபிசுப்பு. அதிகாரியைக் கூப்பிட்டாள். "லேப் சொல்லாம நீங்க வாயத் திறந்தா உங்க வேலைதான் போகும்" என்றார்.

போனை வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் வயலுக்கு ஓடினாள். தம்பி குனிந்து விதைத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துடா! அது நனைஞ்ச விதை. பாதிகூட முளைக்காது. நனைஞ்சது தெரிஞ்சேதான் குடுத்தேன்."

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

"கிடங்குல வேற விதை இருக்காக்கா?"

"இல்லடா."

"இந்த ஈரத்த விட்டா அப்புறம் எப்ப விதைக்கிறது?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். அவளும் ஒரு பிடி விதையை அள்ளிக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கினாள். ஒன்றாவது தப்பிப் பிழைக்கட்டும் என்று குழிக்கு மூன்றும் நான்குமாகப் போட்டாள்.

"விதைக்காரக்காவே இறங்கிட்டாங்க! இனி நமக்கென்ன கவலை!" என்று பக்கத்து வயல்காரர் சிரித்தபடி தன் மூட்டையைப் பிரித்தார்.

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.