படகோடு பூட்டிய பெட்டி

2003 ஜனவரி. டெல்லியில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் கவிந்திருந்த ஒரு நாளில், மயூர் விஹாரிலிருந்து நானும் மனைவியும் மாலத்தீவுக்குக் கிளம்பினோம். என் மச்சினன் அங்கே ஒரு குட்டித் தீவில் பள்ளி ஆசிரியர். “அத்தான், ஒரு தடவை வந்து பாருங்க” என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான். மத்திய அரசு ஊழியனான நான் வெளிநாடு போக அனுமதி வாங்குவதற்குள் அந்தத் தீவே கடலில் மூழ்கிவிடும் என்று நினைத்தேன். மூழ்கவில்லை.

திருவனந்தபுரம் வரை ரயில், பிறகு விமானம், அதன் பிறகு படகு. ரயில் என்றதுமே டெல்லித் தமிழனுக்கு டிக்கெட்டுக்கு அடுத்து வேண்டியது இரும்புச் சங்கிலி. பிளாட்பாரத்தில் “செயின்-தாலா, செயின்-தாலா” என்று பூட்டோடு சேர்த்தே விற்பார்கள். பெட்டியை பெர்த்துக்குக் கீழே சங்கிலியால் கட்டிப் பூட்டிவிட்டுத்தான் ஊர்ப் பயணத்தில் எங்களுக்குத் தூக்கம் வரும். எனக்குப் பூட்டினாலும் வராது. மணிக்கொரு தரம் குனிந்து சங்கிலியை ஆட்டிப் பார்ப்பேன். கீழ் பெர்த் ஆசாமி என்னையே திருடன் என்று நினைத்த சம்பவங்களும் உண்டு.

மாலத்தீவில் விமானத்தை விட்டு இறங்கி வெளியே வந்தால், ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கவேண்டிய இடத்தில் கடல்! விமான நிலையமே தனியாக ஒரு தீவு. அங்கிருந்து தலைநகரத் தீவுக்கு ஒரு படகு, மச்சினன் தீவுக்கு இன்னொரு படகு. யமுனைப் பாலத்தில் பஸ் போகும்போதே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறவன் நான். நீச்சலும் தெரியாது. போகும்போது மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிட்டேன்.

திரும்பும்போதுதான் வினை. அது வெள்ளிக்கிழமை. அன்று மறுபடி தீவுக்குப் படகு கிடையாது என்பதால் மச்சினன் கரையிலேயே கையசைத்து நின்றுவிட்டான். சற்று நேரத்தில் அலை தூக்கிப் போட ஆரம்பித்தது. காலையில் தின்றதெல்லாம் என் சட்டைக்கே திரும்பி வந்தது. சட்டையை மாற்றி, அழுக்கானதை பிளாஸ்டிக் பையில் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தேன். அப்போது படகு ஆடியதில் பெட்டி ஒரு சாண் நகர்ந்தது. என் நெஞ்சு ஒரு முழம் நகர்ந்தது. பாஸ்போர்ட், விமான டிக்கெட் எல்லாம் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று அதற்குள்தான் வைத்திருந்தேன். போதாக்குறைக்கு, எதிரே கருவாட்டுக் கூடையோடு இருந்தவர் பெட்டியையே பார்ப்பதுபோல் பட்டது.

பையிலிருந்து சங்கிலியை எடுத்தேன். பெட்டியைச் சுற்றி, நாங்கள் உட்கார்ந்திருந்த பலகையின் நடு ஓட்டை வழியாகவும் நுழைத்து இரண்டு சுற்று சுற்றி, ‘டக்’கென்று பூட்டை அமுக்கினேன்.

“என்னங்க இது! நடுக்கடல்ல எந்த ஸ்டேஷன்ல திருடன் ஏறப் போறான்?” என்றாள் மனைவி.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு.”

படகை ஓட்டிவந்த பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இந்திப் படம் பார்த்தே இந்தி கற்றவராம். “பையா, டில்லி ஸே?” என்றார், தம்பி டெல்லியிலிருந்தா என்று. சங்கிலியைப் பார்த்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்!

தலைநகரத் துறையில் எல்லோரும் இறங்கினார்கள். நான் பாக்கெட்டில் கைவிட்டேன். சாவி இல்லை. பேண்ட், பர்ஸ், காலுறை, எதிலும் இல்லை. மனைவியின் கைப்பையைப் பலகையில் கொட்டினேன். சீப்பும் தலைவலித் தைலமும்தான் உருண்டன.

“சாவி கடல்ல விழுந்திருச்சு” என்று அறிவித்தேன்.

“நீங்க விழலையேன்னு சந்தோஷப்படுங்க” என்றாள்.

பிற்பகலில் விமானம். பெட்டியைத் திறக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. பூட்டை உலுக்கினேன், இழுத்தேன், திட்டினேன். ‘படகோடு பூட்டப்பட்டதால் விடுப்பை நீட்டிக்க வேண்டுகிறேன்’ என்று அலுவலகத்துக்கு எழுதவேண்டிய வாசகம் வரை மனதில் ஓடிவிட்டது. பெரியவர் ஒரு இரும்புக் கம்பியால் பூட்டை நாலு போடு போட்டார். பூட்டுக்கே பேர்போன அலிகர் ஊர்ப் பூட்டு, அசையவில்லை. ரம்பம் வாங்கலாம் என்றால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கரையில் நண்பர்கள் கூப்பிட்டபடியே நடந்தார்கள்.

அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. சங்கிலியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து குனிந்தார். துருப்பிடித்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பலகையைப் பெயர்த்து, பெட்டியோடு என் கையில் கொடுத்தார். “லே ஜாவோ” என்றார், எடுத்துக்கொண்டு போ என்று.

“உங்க பலகை?”

வேலை முடிந்ததும் விமான நிலையத்தில் எந்தப் படகுக்காரரிடம் கொடுத்தாலும் வந்துவிடும் என்று இந்தியில் சொன்னார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் பாதி ஓட்டமாகப் போனார்.

நானும் மனைவியும் பெட்டி சகிதம் பலகையைக் கட்டில் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு இன்னொரு படகேறி விமான நிலையத்துக்குள் நுழைந்தோம். கூட்டம் மரியாதையாக விலகி வழிவிட்டது.

“நம்ம ரெண்டு பேருக்கு டிக்கெட் இருக்கு. பலகைக்கு?” என்றாள்.

அங்கே பழுது பார்க்கும் ஊழியர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டே சங்கிலியை வெட்டிக் கொடுத்தார். பெட்டியைத் திறந்ததும் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த பிளாஸ்டிக் பையை எடுத்தாள். சட்டைப் பாக்கெட்டில் சாவி! அவள் அதை இரண்டு விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பலகையைத் துறையில் நின்ற ஒரு படகுக்காரரிடம் கொடுத்தேன். தினம் யாராவது பலகை கொடுத்துவிட்டுப் போவதுபோல அவரும் வாங்கி வைத்துக்கொண்டார். நாங்கள் டெல்லி வந்து சேர்வதற்குள் அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மச்சினன் போனில் சொன்னான். “அதுல உட்காருறவங்க கிட்டல்லாம் இது ஏர்போர்ட் போய்ட்டு வந்த பலகைன்னு சொல்லிச் சிரிக்கிறார் அத்தான்!”

திருந்திவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். இன்றும் ரயில் ஏறினால் முதல் வேலை சங்கிலி போடுவதுதான். ஆனால் பூட்டை அமுக்கும்போதெல்லாம், முன்பின் தெரியாதவனிடம் படகின் பலகையையே கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிய அந்தப் பெரியவரின் முதுகு கண்ணுக்குள் வந்து நிற்கிறது. ஒரு நொடி கை கூசித்தான் போகிறது.