அடையாளம் அழிந்த கோப்புகள்

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'பேக்கப் அக்கா'. வரைபவர்கள் நாள் முழுக்கக் கணினியில் கோடு இழுப்பார்கள். அவர்கள் கிளம்பியதும் அன்று மாறிய கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பது அவள் பொறுப்பு. எது மாறியது என்று தேட வேண்டியதில்லை. ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தாலே அதன்மேல் 'ஆர்க்கைவ்' என்ற அடையாளம் தானாக ஏறிக்கொள்ளும். அடையாளம் உள்ளதை மட்டும் பேக்கப் நிரல் நகலெடுக்கும், எடுத்ததும் அடையாளத்தை அழித்துவிடும்.

திடீரென்று நகலுக்கு வரும் கோப்புகள் குறைந்துபோயின. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. முதலாளியின் மச்சான்தான் மேலாளர், அவரிடம் போனாள்.

"சார், எல்லாரும் வரைஞ்சுகிட்டுதான் இருக்காங்க. பேக்கப்ல மட்டும் ரொம்பக் கம்மியாதான் வருது. எல்லா ஃபைலையும் ஒரு தடவை முழுசா எடுத்துடட்டுமா?"

"மெஷின் எல்லாம் ஸ்லோ ஆயிடும்மா. சும்மா எதையாவது கிளப்பாதே, போய் உட்காரு."

அடுத்த வாரமே எல்லோருடைய கோப்புகளும் இருந்த பிரதான வட்டு மண்டையைப் போட்டது. ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை நகலிலிருந்து மீட்டால், மாடிப்படியே இல்லாத பழைய வடிவம் வந்து நிற்கிறது! வரைந்த மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மேலாளர் கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். "இருக்கிறது ஒரே வேலை. அதையும் உருப்படியா செய்யத் தெரியல!"

முதலாளி அவளை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"என்ன ஆச்சுன்னு பாக்காம கேக்க மாட்டேன் சார்."

மூவரில் ஒருவர் மெல்ல வாயைத் திறந்தார். "மேனேஜர் சாரும் இப்பல்லாம் தினம் நாங்க கிளம்பற நேரத்துல ஏதோ காப்பி எடுத்துட்டுப் போறாரே அக்கா?"

மேலாளரின் கணினியைத் திறந்து பார்த்தாள். அதே நிரல், 'நகலெடுத்தபின் அடையாளத்தை அழி' என்ற கட்டத்தில் டிக். வீட்டில் பார்க்கவென்று அவர் அவளுக்கு முன்னதாகவே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக, அவள் எடுக்கும்போது அடையாளம் உள்ள கோப்புகள் அதிகம் மிஞ்சவில்லை.

"அந்த டிஸ்க் எங்க சார்? அதுலயாவது இருக்குமே."

"அது... சினிமா படம் போட இடம் பத்தலன்னு அழிச்சுட்டேன்."

முதலாளி அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "தெரியாம செஞ்சுட்டான். இதைப் பெரிசு பண்ணாதேம்மா."

"என்னைத் திட்டினது கூடத்துல சார். இதை மட்டும் ஏன் ரூமுக்குள்ள பேசறீங்க?"

அவள் அசையவில்லை. கடைசியில் மேலாளர் கூடத்துக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி, "தப்பு என்னுதுதான்" என்று முனகினார். கத்தும்போது இருந்த குரலில் கால்வாசிகூட இல்லை.

மூவரும் மாடிப்படியை மறுபடி முதலிலிருந்து வரைந்தார்கள். அவள் மேலாளரின் கணினியிலிருந்து அந்த நிரலை எடுத்துவிட்டாள். அடையாளத்தை மட்டும் நம்பாமல் வாரம் ஒருமுறை முழு நகல் எடுத்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"அதான் ஒத்துக்கிட்டாரே, விட்டுத் தள்ளு" என்றாள் வீட்டில் தங்கை.

"எப்படி விடறது? நான் போய்ச் சொன்ன அன்னைக்கே கேட்டிருந்தா ஒரு கோடுகூட போயிருக்காதுடி!"