அண்ணியின் ஜெபமும் கலங்கிய கழுத்துப் படமும்

போன வாரம் என் அண்ணி ரீட்டாவுக்கு இரண்டாவது முறையாகக் கழுத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஏன் இரண்டாவது முறை என்று கேளுங்கள். சொன்னால் உங்களுக்கும் எரிச்சல் வரும்.

அண்ணி மாத்தளைப் பக்கம் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கொஞ்ச காலமாகக் கழுத்து வலி. வலது கை மரத்துப்போகிறது. பிளேன்டீ கோப்பைகூடக் கையில் நிற்பதில்லை. நரம்பு எங்கே நசுங்குகிறது என்று படத்தில் தெரிந்தால்தான் ஒபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார் டொக்டர். சரி... வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நாள் கிடைத்தது, போனோம்.

ஜெபமாலையில் கம்பி இருக்கிறது என்று கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மெஷினுக்குள் தள்ளும்முன் டெக்னீஷியன் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று — "ஹெலவென்ன எபா." அசையாதே. சிங்களத்தில், அதுவும் போகிற போக்கில்.

முடிந்ததும் டெக்னீஷியன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். படம் முழுக்கக் கலங்கிவிட்டதாம். தோட்டத்து ஆட்களுக்குச் சும்மா படுத்திருக்கவும் தெரியாதா என்று என்னிடமே கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. மழையிலும் அட்டைக்கடியிலும் செங்குத்து மலையில் நாள் முழுக்க நிற்கிறவருக்குப் படுக்கத் தெரியாதாம்!

"அசைஞ்சீங்களா அண்ணி?"

"ஐயோ, இல்ல தம்பி. கை கால ஆட்டவே இல்லங்க. அந்த டமடம சத்தத்துல பயந்து போயிட்டேன். வாய்க்குள்ளயே ஜெபமால சொல்லிக்கிட்டு அப்புடியே கெடந்தேன்."

இதை டெக்னீஷியனிடம் சொன்னேன். சிரித்தார். கழுத்தைப் படம் எடுக்கும்போது உதடும் நாக்கும் அசையக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, சத்தம் நிற்கிற இடைவெளியில் விழுங்கிக்கொள்ளலாம் என்றார். "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?"

யாருக்குத் தெரிந்தது? எனக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா? பயந்தால் ஜெபம் சொல்கிற மனுஷியிடம் அதைச் சொல்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, பழியை மட்டும் அவர் தலையில் போடுவதா?

மறுபடி நாள் கிடைக்க மாதக்கணக்கில் இழுத்தது. அதற்குள் அண்ணி கொழுந்து எடுப்பதையே விட்டுவிட்டார்.

போன வாரம் நானே வாசலில் நின்று, தமிழில், விளக்கமாகச் சொன்னேன்.

"அப்ப மாதாகிட்ட பேசவே கூடாதா தம்பி?"

"மனசுக்குள்ள பேசுங்க அண்ணி. உதடு மட்டும் அசைய வேணாம்."

கொஞ்சம் யோசித்தார். "சரி... அவங்களுக்குக் கேக்கும்."

படம் பளிச்சென்று வந்தது. அதே மெஷின். அதே கழுத்து.

டொக்டர் பார்த்தார். நரம்பு நன்றாக நசுங்கியிருக்கிறது, உடனே ஒபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஆனால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் போன உணர்வு முழுதாகத் திரும்புமா, சொல்ல முடியாதாம். "முதல் படமே தெளிவாக இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் நிறுத்தப் போவதில்லை. நல்ல படத்துக்குப் புது மெஷின் வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே... வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்குள் தள்ளப்படுகிற ஆளிடம் அவருடைய பாஷையில் வாய் திறந்து பேச எந்த மெஷின் வர வேண்டும்?

மாத்தளைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜெபமாலையைக் கொடுத்தேன். அண்ணி உருட்டினார், நிறுத்தினார், மறுபடி உருட்டினார்.

"எந்த மணியில நிக்கிறேன்னு வெரலுக்குத் தெரியல தம்பி."

வாய்க்குள் ஜெபம் சொல்ல வேண்டாம் அம்மா — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?