எஸ்தர் மிஸ்ஸியின் எழுதாத அட்டை

கல்முனைச் சந்தையில் கீரி மீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றபோதுதான் போதகரின் அழைப்பு வந்தது. மிஸ்ஸி விடியப்புறம் கர்த்தரிடம் போய்விட்டார் என்றார். மீனையும் மறந்து நடக்கத் தொடங்கிவிட்டேன். பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வந்த மீன்காரர், செய்தி கேட்டதும் தலையில் கைவைத்து நின்றார். அவருடைய மூத்த மகளும் மிஸ்ஸியின் கையில் பிறந்தவள்.

முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமாதுவாக இருந்த எஸ்தர் மிஸ்ஸியை அறியாதவர்கள் இந்தக் கரையில் குறைவு. இதை வாசிக்கும் உங்களில் பலரை முதன்முதலில் தூக்கிப் பார்த்தவரே அவராக இருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு வேலையைப் பற்றி. எங்கள் சபையில் புதுவருடக் காலை ஆராதனை முடிந்ததும், ஒரு பெட்டிக்குள் கைவிட்டு ஆளுக்கோர் அட்டை எடுப்போம். அதில் உள்ள வேதவசனம்தான் அந்த வருடத்துக்கு அவருக்கான வாக்குத்தத்தம். அட்டைகள் அத்தனையையும் மிஸ்ஸிதான் கையால் எழுதுவார். அதற்கான மட்டை மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியாரிடமிருந்து வரும். தன் ஐந்து பிள்ளைகளுக்கும் பேறு பார்த்தவருக்காக, சாறன் துணி மடிப்புக்குள் வைக்கும் வெள்ளை மட்டைகளை அவர் வருடம் முழுக்கச் சேர்த்துவைப்பார்.

மிஸ்ஸி இனிப்பான வசனங்களை மட்டும் எழுதுகிறவர் அல்லர். ஒரு வருடம் கடை முதலாளி ஒருவருக்குப் பெருமைக்காரரைக் கடியும் வசனம் வந்துவிட்டது. மனிதர் நைஸாக அதைத் திரும்பப் பெட்டிக்குள் போடப் பார்த்தார். மிஸ்ஸி மூடியைச் சாத்தினார். "சாறன் மாத்துற மாதிரி வசனம் மாத்தேலாது முதலாளி. வந்தது வந்ததுதான்."

அன்றிலிருந்து அது சபையின் சட்டமாயிற்று. சபைச் செயலாளராக இருந்த எனக்கு அது மிகவும் பிடித்தது. பொதுவாகவே எனக்குச் சட்டங்கள் பிடிக்கும். வேதாகமத்தில் எது எங்கே இருக்கிறதென்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். "நம்மட செக்கட்டரிக்கு வேதம் முழுக்கத் தலைக்குள்ள இரிக்கு. ஒரு சாண் கீழ, நெஞ்சுக்கு இறங்கினாப் போதும்" என்று மிஸ்ஸி எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஐந்து வருடங்களுக்கு முன் என் மனைவி சாந்திக்கு நீடித்த ஆயுளைப் பற்றிய வசனம் வந்தது. அதைக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்தாள். ஆவணியில் காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் அவள் இல்லை. அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆலயத்துக்குப் போவதை விட்டேன். மனப்பாடமான வசனங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றாவது என்னோடு கதைக்கவில்லை. கடவுள் இல்லையென்று நினைக்க முடிந்திருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். இருக்கிறார், என்னை ஏமாற்றிவிட்டார் என்று நம்பிக்கொண்டு நாட்களைத் தள்ளினேன்.

அடுத்த புதுவருடத்தன்று மத்தியானம் வாசல் படலையைத் திறந்துகொண்டு மிஸ்ஸி வந்தார். கையில் அந்தப் பெட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாந்திக்கு நீடித்த ஆயுள் எண்டு எழுதித் தந்தது நீங்கதானே மிஸ்ஸி?"

"ஓம். நான்தான் எழுதின."

கதிரையில் உட்கார்ந்து, நான் ஏசியதெல்லாம் முடியும்வரை கேட்டார். பிறகு பெட்டியை நீட்டினார். ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்று ஓர் அட்டையை இழுத்தேன். இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை.

சிரித்தேன். நல்ல சிரிப்பல்ல. கடவுளுக்கே என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை, பாருங்கள் என்றேன். மிஸ்ஸியின் முகம் சுண்டிப்போயிற்று. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத மறந்தது நான். என்ட பிழைய அவர்ட தலையில போடாதீங்க."

கைப்பையிலிருந்து தன் வேதாகமத்தை எடுத்துத் திறந்தார். அன்று காலை அவருக்கு வந்த அட்டை அதற்குள் இருந்தது. கிருபை போதும், பலவீனத்தில்தான் பலம் நிறைவாகும் என்ற வசனம். அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வெள்ளை அட்டையைத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. மாற்றக் கூடாதென்று சொன்னவரே நீங்கள்தான் என்றேன்.

"சட்டத்தால ஆர் கரை சேர்ந்த, செக்கட்டரி? மறுகா, இது மாத்துறல்ல. குடுக்கிற."

படலை சாத்தும் சத்தம் கேட்ட பிறகு அழுதேன். சாந்தி போனதிலிருந்து அன்றுதான் முதல் அழுகை. அவள் ஏன் போனாள் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒருவர் தனக்கு வந்ததை எனக்குத் தந்துவிட்டு வெறும் அட்டையோடு போனார். கிருபை, கிருபை என்று அத்தனை வருடம் வாயால் சொன்னேனே, அதை அன்றுதான் கையில் வாங்கினேன். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன். திருவிருந்துக்கு முழங்காலிட நான் போனபோது மிஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை; சற்று ஒதுங்கி இடம் விட்டார்.

அந்த வருடமே அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த வசனம் உங்களிடமே இருந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொன்னேன். மிஸ்ஸி வெள்ளை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"என்ன வரும் எண்டு சொல்லாம அனுப்பியிரிக்கார். நம்பித்தான் போகவேணும். அதுக்குப் பேர்தானே விசுவாசம்?"

ஒரு வருடம் தாங்கினால் பெரிய காரியம் என்றார்கள் வைத்தியர்கள். அதற்குப் பிறகும் மூன்று தடவை அட்டைகள் எழுதினார். என்னோடு சண்டை பிடிப்பதையும் விடவில்லை.

தன் அடக்கத்துக்கு ஒப்பாரி வேண்டாம், உயிர்த்தெழுந்த ஞாயிறுப் பாட்டைப் பாடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கார்த்திகை மழைக்குள் ஈஸ்டர் பாட்டு! பிரதான வீதியால் நனைந்துகொண்டே பாடிப்போனோம். எங்கள் பாடகர் குழுவுக்கு ஒருநாளும் சுருதி சேர்ந்ததில்லை, அன்றும் சேரவில்லை. ஆனால் அப்படி ஒரு சத்தத்தை அந்த வீதி கேட்டிருக்காது. கடை வாசல்களில் முக்காடிட்ட தாய்மார் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸில் போனவர்கள் கல்யாண ஊர்வலமோ என்று எட்டிப் பார்த்தார்கள். சாவு தோற்றுப்போன ஊர்வலம் அது. நானும் தொண்டை கட்டும்வரை பாடினேன்.

மயான வாசலில் ஹாஜியார் நின்றார். கையில் பொலித்தீன் சுற்றிய ஒரு கட்டு. இந்த வருடத்து மட்டைகள்.

"மிஸ்ஸிக்கெண்டு சேத்தது. இனி இத ஆருட்டக் குடுக்கிற, தம்பி?"

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு கிழமையாக எழுதுகிறேன். என் கையெழுத்து மிஸ்ஸியுடையதைப் போல அழகில்லை. சபையார் மன்னிக்கவும். இன்று கடைசி அட்டை. அதில் ஒன்றும் எழுதாமலே பெட்டிக்குள் போட்டுவிட்டேன். புதுவருடக் காலையில் அது யாருக்கு வருகிறதோ, அவர் நேரே என்னிடம் வரட்டும். அன்று எனக்கு வரும் அட்டை அவருக்கு.