பிரேக் லைட்காரர்

ஹார்ன் அடிக்கவில்லை என்று வந்த வண்டிக்கும் பின்னால் போய்த்தான் அந்த மெக்கானிக் குந்துவார். டயர் மாற்ற வந்தாலும் இதே கதைதான். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு ஓடிவந்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால்தான் மற்ற பேச்சு. தெருவில் அவருக்குப் பெயரே பிரேக் லைட்காரர். "தலைவலின்னு போனா வாலைப் புடிச்சுப் பார்க்கிற ஆளு" என்று எதிர்க் கடைக்காரர் கிண்டல் செய்வார். கோபமே வராது.

"பின்னாடி வர்றவனுக்கு நாம நிக்கறது தெரியணும்ல" என்பார். யார் எது கேட்டாலும் இந்த ஒரே பதில்தான்.

முன்பெல்லாம் கட்டை கிடையாது. மகன்தான் உட்கார்ந்து பெடலை அழுத்துவான். அழுத்து, பிடி, விடு என்று இவர் குரல் கொடுக்க, அவன் விசில் அடித்துக்கொண்டே செய்வான். ஊர் வண்டியெல்லாம் பார்த்தவருக்குச் சொந்த வண்டியைப் பார்க்க நேரமில்லை. பழைய வண்டி, பிரேக் லைட் ஸ்விட்ச் போய்விட்டது தெரியும். புதுசு வாங்கிக்கூட வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று மகனிடம் சொன்னார். சனிக்கிழமை இருட்டில் அவன் வண்டியை நிறுத்தியது பின்னால் வந்த லாரிக்குத் தெரியவில்லை.

மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை. வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள். அந்த மௌனம்தான் அவரைக் கரையானாக அரிக்கிறது.

நேற்று சாயங்காலம் ஒரு பல் டாக்டர் வந்தார். மகன் ஓட்டிய அதே ரகக் கார், டாக்டரைவிட வயதானது. வைப்பர் வேலை செய்யவில்லையாம். இவர் வழக்கம்போலக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. காருக்கு அடியில் படுத்து, பிரேக் குழாயில் திருகியிருந்த ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பல்ப் நன்றாக இருக்கிறது, செத்தது ஸ்விட்ச்தான். அந்த ரகம் இப்போது கடையில் கிடைப்பதில்லை.

டாக்டர் வானத்தைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. பின் சீட்டில் அவர் மகள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல, மெதுவா ஓட்டிட்டுப் போயிடறேன். ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்."

பிரேக் லைட்காரர் கார் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் குரலை உயர்த்தினார், போலீசைக் கூப்பிடுவேன் என்றார். இவர் தலையைக் குனிந்து நின்றாரே தவிர சாவியைத் தரவில்லை.

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து மனைவி வந்தாள். பின் சீட்டுப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து பானெட் மேல் வைத்தாள். அன்றைக்கு மகன் வண்டிக்கென்று வாங்கிவைத்த ஸ்விட்ச், பிரிக்காத பெட்டி. அது எங்கே போனதென்று அவர் தேடியதே இல்லை. தேடத் தைரியம் வந்ததில்லை.

"மாட்டுங்க" என்றாள்.

மறுபடி காருக்கு அடியில் படுத்தார். பழையதைத் திருகி எடுத்ததும் பிரேக் ஆயில் முழங்கை வரை வழிந்தது. புதியதை மாட்டிவிட்டார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்குக் கட்டை உதவாது, ஆள் வேண்டும். டாக்டரைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவள் கட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுத்து என்றார், அழுத்தினாள். பிடி என்றார், பிடித்தாள். விடு என்றபோது விட்டாள். ஒவ்வொரு சக்கரமாகக் காற்று வெளியேறி, பெடல் இறுகியது. கடைசியாகப் பின்னால் போய் நின்று, அழுத்து என்றார்.

"எரியுதா?"

"எரியுது" என்றார். "விடும்மா."

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, நேராகப் பார்த்தபடி இருந்தாள். காலை எடுக்கவில்லை. அவரும் மறுபடி சொல்லாமல் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்.