கரண்ட் இல்லாத நேரத்துச் செய்திகள்

நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்ட ஒருத்தி அதைச் சுற்றியிருப்பவர்களிடம் எவ்வளவு சொல்லலாம்? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. கல்லூரிப் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வரவில்லை. வந்திருந்தாலும் சாய்ஸில் விட்டிருப்பேன்.

எங்கள் வீடு மாடியில். கீழே என் கணவரின் பனியன் கம்பெனி. கம்பெனி என்பது ஊர் வழக்கம். உண்மையில் அது ஒரு நீளமான ஷெட். பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க் நடக்கிறது. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே என் மகள் ஓவர்லாக் தையல் மிஷின் சத்தத்தில்தான் தூங்குவாள். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் எழுந்துவிடுவாள். போன வருஷம் கரண்ட் ஒழுங்காக இருந்த நாளே இல்லை. ஆகவே அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

செய்தி கேட்கும் பழக்கத்தை என் கொழுந்தனார்தான் தொடங்கிவைத்தார். எக்ஸ்போர்ட் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. வெளிநாட்டுத் தமிழ் வானொலி ஒன்றின் அன்றாடச் செய்தியை இறக்கி, விரல் நீளத்தில் ஒரு எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"அண்ணி, இதுக்குப் பேரு பாட்காஸ்டுங்க. ரேடியோ மாதிரித்தான். ஆனா உங்களுக்கு நேரம் இருக்கறப்பக் கேட்டுக்கலாம்."

"எனக்கு எப்பங்க நேரம் இருக்குது?"

"அட, அதுக்குத்தானுங்க இது. வேலை செஞ்சுட்டே கேளுங்க."

கேட்டேன். பருப்பு பொங்கி அடுப்பை அணைத்ததுகூடத் தெரியாமல் கேட்டேன். மத்திய ஆட்சி கவிழுமா என்று வாசிப்பவர் கேட்டபோது, எங்கள் ஷெட்டின் தகரம் கவிழப்போவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்பது எப்போதும் முந்தின நாள் செய்தி. கவிழவில்லை என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஒரு நாள் கூடுதலாகப் பயந்துகொண்டிருந்தேன். குழந்தை பிறந்ததிலிருந்தே எனக்கு ஒரு நம்பிக்கை. எதைப் பற்றி முன்கூட்டியே பயந்துவிடுகிறோமோ அது நடக்காது. பால்பவுடர் டப்பாவின் பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தவள் நான். நாட்டை மட்டும் எப்படிச் சும்மா விடுவேன்?

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கரண்ட் போனால் கீழே மிஷினோடு பாட்டுப் பெட்டியும் நின்றுவிடும். தையல்காரர்கள் எல்லாம் பீஸ் ரேட், தைத்தால்தான் காசு. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. படித்தவள் ஒருத்தி மாடியில் இருந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கலாமா? பென்சில் பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, பிளேயரை அதில் மாட்டி, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

முதல் சில வாரங்கள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஷெட்டில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். செய்தி முடிவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும். பீஸ்களை மடித்து அடுக்கும் கைமடி வேலை செய்கிற பெரியம்மாவுக்குக் கட்சி கிடையாது; வாசிப்பவர்மேல்தான் அக்கறை.

"ஏங்கண்ணு, இந்தப் புள்ள இத்தனை சாவு சொல்லுதே, சோறு கீறு எறங்குமா அதுக்கு?"

"அதுக்குச் சம்பளம் தர்றாங்கம்மா."

"எனக்குந்தான் தர்றாங்க. நான் உன்னையப் பாத்து இப்படிப் பயமுறுத்தறனா?"

கீழே கொண்டுபோவதற்கு முன் நான் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுவேன். குழந்தைக்குச் சோற்றைச் சூடு பார்த்து ஊட்டுவதுபோலத்தான். ஐப்பசியில் ஒருநாள் மகளுக்குச் சளியும் அழுகையுமாக இருந்தது. கேட்காமலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

அமெரிக்காவில் வங்கிகள் விழுவதைப் பற்றி யாரோ ஒரு நிபுணர் பேசிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று அவர் "திருப்பூர்" என்றார்.

ஷெட்டில் ஒருவர் விசிலடித்தார். "நம்மூரச் சொல்றானுங்கோ! சத்தம் வைங்க, சத்தம் வைங்க!" நானும் சந்தோஷமாகச் சத்தத்தைக் கூட்டினேன். பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார், போட்டோ எடுக்கப்போவதுபோல.

அந்த ஊரின் ஏற்றுமதி ஆர்டர்கள் வரும் மாதங்களில் பெரிதாகக் குறையும், சிறிய கம்பெனிகள்தான் முதலில் மூடும் என்று நிபுணர் நிதானமாகச் சொல்லி முடித்தார். அடுத்து வானிலை.

கரண்ட் வந்தது. மின்விசிறிகள் சுற்றின. மிஷின்கள் உடனே ஓடவில்லை.

அன்று மாலை பேட்லாக் டெய்லரும் அவர் மனைவியும் மாடிக்கு வந்தார்கள். தெற்கத்திக்காரர்கள். பனியனின் கீழ் மடிப்பை அடிக்கிற பேட்லாக் மிஷினை எங்கள் ஷெட்டில் அவர் ஒருவர்தான் ஓட்டுவார், தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங் வேலை மனைவிக்கு. ஆறு வயதை எட்டப்போகிற மகளை ஊரில் அவருடைய அம்மாவிடம் விட்டிருந்தார்கள். ஜூனில் இங்கே அழைத்துவந்து ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதென்று அந்தப் பெண் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் பைகூட வாங்கிவிட்டாள்.

"ஏக்கா, அமெரிக்காக்காரன் இனிமே பனியனே வாங்கமாட்டானாம்லா, நெசமாக்கா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. குறையும்னுதான் சொல்றாங்க."

"நம்ம கம்பெனியையும் மூடிருவாங்களாக்கா?"

அவள் கணவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மூடுததுன்னா இப்பமே சொல்லிருங்கக்கா. பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்து, பாதியில திரும்பக் கூட்டிட்டுப் போவ முடியாது. நாங்களே ஊருக்குப் போயிருவோம். அவ கூடயாவது இருக்கலாம்லா."

சமையலறையில் நின்றிருந்த என் கணவர் காதில் எல்லாம் விழுந்தது. அவர்கள் இறங்கியதும் வந்தார்.

"ஏம்புள்ள, சனிக்கிழமை ஷிப்மென்ட். பேட்லாக் போயிட்டா கீழ் மடிப்பு அடிக்க உன்ற நியூஸ்காரரு வருவாரா?"

"அவுங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. மூடுவீங்களா, மாட்டீங்களா?"

அவர் படிப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "அடுத்த ஆர்டர் வருமான்னு எனக்கே தெரியாது. அதை யாரும் யோசிக்கக் கூடாதுன்னுதான் நாள் பூராப் பாட்டுப் போட்டு வெச்சிருக்கறேன்" என்றார்.

இதை நான் எந்தப் பாட்காஸ்டிலும் கேட்டதில்லை.

அதன்பிறகு வந்த செய்திகளையெல்லாம் வெறியோடு கேட்டேன். வட்டி விகிதம் பேசினார்கள், தேர்தல் கூட்டணி பேசினார்கள். டாலர் ஏறியதா இறங்கியதா என்று குறித்துவைத்தேன். ஏறினால் நமக்கு நல்லதா கெட்டதா என்பது பாதி நேரம் மறந்துபோனது. கடைசியில் கொழுந்தனாரிடம், எங்கள் மாதிரிச் சின்னக் கம்பெனிகளைப் பற்றித் தனியாக ஏதாவது வருமா என்று கேட்டேன்.

"அண்ணி, உங்க ஊட்டுக்குக் கீழ இருக்கற பேட்லாக் மிஷினப் பத்தியெல்லாம் அதுல வராதுங்க" என்று சிரித்தார்.

பேட்லாக் டெய்லரின் மனைவியிடம் போய், "இந்த ஷிப்மென்ட் முடியட்டுமுங்க, பாக்கலாம்" என்றேன். அரசியல்வாதிகள் பேட்டியில் சொல்கிற பதில் அது. இத்தனை மாதம் கேட்டதில் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்போல. அவர்கள் இருந்தார்கள். ஷிப்மென்ட் போனது. அடுத்த ஆர்டர் பாதியளவுக்கு வந்தது, அதற்கடுத்தது தாமதமாக வந்தது. கம்பெனி மூடவும் இல்லை, சரியாக ஓடவும் இல்லை.

ஸ்பீக்கரைப் பரணில் போட்டுவிட்டேன். கரண்ட் போனால் இப்போது கீழே தாயம் ஆடுகிறார்கள். நான் மட்டும் திருடியைப்போல ஒரு காதில் இயர்போனை மாட்டி, அதன்மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்கிறேன். ஆனால் என் முகத்தை என்ன செய்வது? படியில் இறங்கினாலே பெரியம்மா அறிவிக்கிறார்: "கண்ணு மொகம் சரியில்லீங்கோ. அமெரிக்காவுல மறுபடியும் என்னமோ ஆயிருச்சு!" மகளுக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இப்போது சித்திரை முடியப்போகிறது. பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கை நடக்கிறது. இடம் கொஞ்சம்தான் என்கிறார்கள். நேற்று அந்தப் பெண் தனியாக மாடிக்கு வந்தாள். என் மகள் ஓடிப்போய் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, நீங்கதான் எல்லாம் கேக்குதீங்கள்லா. பிள்ளைய கூட்டிட்டு வந்துரவா, வேண்டாமா? நீங்க என்ன சொன்னாலும் சரிக்கா."

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். கூட்டிவா என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் அது அவளுக்காகவா, எங்கள் பேட்லாக் மிஷின் நிற்கக் கூடாது என்பதற்காகவா என்று எனக்கே சந்தேகம். வேண்டாம் என்றால் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கே வேலை இல்லாமல்தான் இங்கே வந்தார்கள். எனக்குத் தெரியாது என்றால், என் கணவருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டிவரும். முதலாளிக்கே தெரியாது என்று ஷெட்டுக்குத் தெரிந்தால் அப்புறம் யார் இருப்பார்கள்?

பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள், அதில் வேலை செய்கிறவர்கள், பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு யோசனை சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொல்லட்டும்? என் கணவர் என்னிடம் சொன்னதை அவளிடம் அப்படியே சொல்லிவிடலாமா? நீங்கள் அவள் இடத்தில் இருந்தால், அதைத் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா?